முடங்கிய கால் ஏன் உதறுகிறது? மாத்திரை மூளையில் செய்யும் வேலை என்ன?



பல்லியின் வால் அறுந்து விழுந்து தரையில் துடிப்பதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பல்லி சுவரேறி ஓடி ஒளிந்துகொண்டது. வால் மட்டும் வளைகிறது, நெளிகிறது, துள்ளுகிறது. அதற்குக் கட்டளை போடுவது யார்? பல்லியின் மூளையா? மூளைதான் தலையோடு போய்விட்டதே! வாலுக்குள்ளேயே இருக்கும் நரம்புகள்தாம் அந்த ஆட்டத்தை ஆட்டுவிக்கின்றன.

இந்தச் சிறு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்த ஒருவருடைய கால்கள், சில வாரங்கள் கழித்துத் திடீரென்று உதறத் தொடங்குகின்றனவே, அதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தாலும், மருந்துப் பொட்டலத்தில் மலாயில் எழுதியிருந்தாலும், படித்துச் சொல்லக் கேட்டு முதலில் வருவது வாத்தியார் வீட்டுக்குத்தான். அப்படி என் கைக்கு வந்த பொட்டலங்களில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

செம்பனைக் குலை கழுத்தில் விழுந்தவர்கள், லாரியிலிருந்து தவறியவர்கள், எல்லாவற்றையும் விட மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டவர்கள் என்று, முதுகெலும்பு முறிந்தவர் ஒருவரையாவது அறியாத தோட்டம் குறைவு. அந்த வீடுகளில் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. கால் உதறும்போது, "உயிர் திரும்பிவிட்டது, இனி நடந்துவிடுவார்" என்பார்கள். வேறு சிலர் "காற்றுக் கருப்பு பட்டுவிட்டது" என்று மந்திரிக்கப் போவார்கள். இது ஒன்று. மருந்து கொடுத்த பின் ஆள் எந்நேரமும் தூங்கி வழிந்தால், "மாத்திரை மூளையைக் கெடுக்கிறது" என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். இது மற்றொன்று. இரண்டாவது எண்ணத்தில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால், அதுதான் அதிக ஆபத்து.

மூளை சொல்லாமல் கால் ஆடுவது எப்படி?

முதுகெலும்புக்குள்ளே நரம்புக் கயிறு ஒன்று ஓடுகிறது. தண்டுவடம் என்று அதற்குப் பெயர். நம் சுண்டுவிரல் பருமன்தான். நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் கட்டளையும், கை கால்களிலிருந்து மூளைக்கு வரும் செய்தியும் இதன் வழியாகத்தான் போய்வருகின்றன.

ஆனால் இது வெறும் தந்திக்கம்பி அன்று. இதற்கும் கொஞ்சம் சொந்த அறிவு உண்டு. டாக்டர் முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் கால் தானாக எம்புகிறதல்லவா? அந்தச் செய்தி மூளை வரை போய்த் திரும்புவதில்லை. தசை இழுபட்டது என்ற செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது; 'சுருங்கு' என்ற கட்டளை அங்கிருந்தே திரும்புகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த செரிங்டன் என்ற அறிஞர் இந்த நரம்பு வேலைகளை ஆராய்ந்து 1932-ல் நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால் நல்ல உடம்புள்ள நமக்கு, தொட்டதற்கெல்லாம் கால் ஏன் எம்புவதில்லை? மூளை மேலே இருந்துகொண்டு, 'போதும், அடங்கு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூளை அனுப்பும் கட்டளைகளில் 'செய்' என்பது பாதியென்றால், 'செய்யாதே' என்பது மறுபாதி என்றே சொல்லலாம். தண்டுவடம் அறுபட்டால் இரண்டும் சேர்ந்தே நின்றுபோகின்றன. 'செய்' என்பது வராததால் கால் முடங்குகிறது. 'செய்யாதே' என்பது வராததால் அதே கால் உதறுகிறது!

அடிபட்ட உடனே இது தெரியாது. முதல் சில நாளோ சில வாரமோ கால்கள் ஈரத்துணி போலத் துவண்டு கிடக்கும். தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும் காலம் அது. பிறகு, காயத்துக்குக் கீழே உள்ள நரம்பணுக்கள் மெல்ல விழித்துக்கொள்கின்றன. விழித்துப் பார்த்தால் மேலிருந்து சத்தமே இல்லை. மண்டோர் இல்லாத காட்டில் வேலை நடப்பது போல, அவை தம் இஷ்டத்துக்கு இயங்கத் தொடங்குகின்றன. போர்வை உரசினாலும், சிறுநீர்ப்பை நிறைந்தாலும், படுக்கையில் புரட்டினாலும் கால் வெடவெடவென்று உதறும். அல்லது கட்டை போல் விறைத்து நிற்கும். அல்லது முழங்கால் மடங்கி வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இது ஏன் நாளாக ஆகக் கூடுகிறது என்பதற்கு 2010-ல் இரண்டு இடங்களிலிருந்து விடை வந்தது. இரண்டும் எலிகளில் செய்த ஆராய்ச்சி. பிரான்சின் மார்செய் நகரத்தார், நரம்பணுவை அடக்கும் ரசாயனம் காயத்துக்குப் பின் முன்போல் வேலை செய்வதில்லை என்று கண்டார்கள். அணுவின் சுவரில் உள்ள உப்புப் பம்பு ஒன்று குறைந்துபோவதால், பிரேக்கை அழுத்தினாலும் வண்டி நிற்பதில்லை. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், மூளையிலிருந்து வந்து நரம்பணுவைத் தூண்டும் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பற்றிச் சொன்னார்கள். அது வராமல் நின்றதும், அதை வாங்கிக்கொள்ளும் வாயில்கள் தாமாகவே திறந்த நிலையில் இருந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. பிரேக் தளர்ந்தது, எண்ணெயும் தானே ஒழுகுகிறது. வண்டி எப்படி நிற்கும்?

ஆகவே கால் உதறுவது நடை திரும்புவதற்கு அடையாளம் ஆகாது. பேயும் ஆகாது. உண்மையான முன்னேற்றம் வேறு. "பெருவிரலை அசையுங்கள்" என்று சொல்லும்போது, அவர் நினைத்து, அந்த விரல் அசைய வேண்டும். அதைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூளை சும்மா இருக்கிறதா?

கீழே இவ்வளவு கலவரம் நடக்கும்போது மேலே மூளை என்ன செய்கிறது?

கனடாவின் மான்ட்ரியல் நகரில் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், மூளையின் மேல்தோலில் எந்த இடம் உடம்பின் எந்த உறுப்பை ஆள்கிறது என்று மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு அறிந்து, 1937-ல் அதை வெளியிட்டார். உச்சந்தலைக்குக் கீழே, நடுப்பிளவின் ஓரமாகக் காலுக்குரிய இடம். அதற்கு அடுத்து உடம்பு, கை. பக்கவாட்டில் முகம், நாக்கு.

காலிலிருந்து செய்தியே வராமல் போனால், கால் ஆண்ட அந்த இடம் தரிசு ஆகிவிடுமா? படம் எடுக்கும் கருவிகள் வந்த பிறகு இதைப் பார்க்க முடிந்தது. பக்கத்து இடங்கள் கொஞ்சம் எல்லை தாண்டி வருகின்றன. கையை அசைக்கும்போது எழும் மூளை இயக்கம் காலின் பக்கமாகச் சற்று நகர்ந்திருப்பதைச் சில ஆய்வுகளில் கண்டார்கள். ஆனால் காலின் இடம் அழிந்துபோவதில்லை. பல ஆண்டு முடங்கிக் கிடந்தவரிடம், "காலை அசைக்க முயலுங்கள்" என்று சொன்னால், கால் அசையாவிட்டாலும் மூளையில் அதற்குரிய பகுதி வேலை செய்வது படத்தில் தெரிகிறது. முதலாளி ஆபீசில்தான் இருக்கிறார். டெலிபோன் கம்பிதான் அறுந்திருக்கிறது.

இதை நம்பித்தான் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். 2023-ல் அவர்கள் வெளியிட்ட செய்தி இது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தண்டுவடக் காயத்தோடு வாழ்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவரின் மூளைக்கு மேலே சிறு கருவிகளைப் பதித்தார்கள். காயத்துக்குக் கீழே தண்டுவடத்தின் மேலும் ஒரு மின்கருவி வைத்தார்கள். அவர் நடக்க நினைப்பதை மேலே உள்ள கருவி படித்து, கீழே உள்ளதற்குச் சொல்லும். அவர் நின்றார், நடந்தார், படியும் ஏறினார். இது இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ள முறை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் கிடைக்காது. ஆனாலும், முடங்கியவரின் மூளை தன் கால்களை மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மூளை இப்படி விழித்திருப்பதால்தான், உதறலுக்குக் கொடுக்கும் மருந்து அந்த மூளையை என்ன செய்கிறது என்பது முக்கியமாகிறது.

மாத்திரை எங்கே போகிறது?

இந்த நோய்க்கு மிகுதியாகக் கொடுக்கப்படும் மாத்திரையின் பெயர் பாக்லோஃபென். பொட்டலத்தில் அந்தப் பெயரைப் பாருங்கள். நரம்புகளை அடக்கி வைக்க நம் உடம்பே 'காபா' என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. அதை மருந்தாகக் கொடுத்தால், இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது; நடுவே ஒரு காவல் இருக்கிறது. எனவே அதைச் சற்று மாற்றி, காவலைத் தாண்டும்படி 1962-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் பாக்லோஃபென்னைச் செய்தார்கள். காக்காய் வலிப்புக்கு மருந்தாகும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு அது உதவவில்லை. ஆனால் தசை விறைப்பைக் குறைத்தது!

இப்போது கவனியுங்கள். மூளைக்குள் போக வேண்டும் என்று செய்யப்பட்ட மருந்து இது. நமக்கு வேண்டியதோ கீழே தண்டுவடத்தில் அடக்கம். வயிற்றில் விழுந்த மாத்திரைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? இரத்தத்தில் கலந்து, தண்டுவடத்துக்கும் போகிறது, மூளைக்கும் போகிறது. கீழே காலை அடக்குகிறது. மேலே ஆளையே அடக்குகிறது. தூக்கம், தலைச்சுற்றல், பேச்சில் மந்தம், ஞாபகக் குறைவு எல்லாம் இதனால்தான். தலைக்கு வெளியே காந்தக் கருவியை வைத்து மூளையைச் சோதித்தவர்கள், நல்ல உடம்புள்ளவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தபோது, உடம்பை அசைக்கும் மூளைப் பகுதியில் ஒரு வகை அடக்கம் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். டயாசிபாம், டிசானிடின் என்ற மற்ற இரண்டு மாத்திரைகளும் வேறு வழியில் வேலை செய்தாலும், தூக்கத்தைக் கொடுப்பதில் குறைந்தவை அல்ல.

நான் சொன்ன பொட்டலக் கதைக்கு வருகிறேன். என் வகுப்பில் படித்த பிள்ளையின் தகப்பனார், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது விழுந்து முதுகு முறிந்தவர். அவர் மனைவி ஒரு மாலை, மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். "வாத்தியாரையா, இதைச் சாப்பிட்டா பேச்சே இல்லீங்க. கூப்பிட்டா முழிக்கிறாரு, மறுபடி கண்ணை மூடிக்கிறாரு. புத்தி கலங்கிடும்னு எங்க அத்தை பயப்படுறாங்க. நாளையிலிருந்து நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் பகல் மாத்திரையைக் குறைத்து, சிறிது சிறிதாகக் கூட்டும்படி மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் மனிதர் வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கத் தொடங்கினார். கால் உதறல் முழுக்க நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஏன் நிறுத்த வேண்டாம் என்றேன்? பாக்லோஃபென்னை நெடுநாள் சாப்பிட்ட உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த மூளை எதிர்ப்பக்கம் பாய்கிறது. இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும், குழம்பிப் பேசுவார், வலிப்பு வரலாம், காய்ச்சல் கொதிக்கும், கால் விறைப்பு முன்னைவிட மோசமாகும். உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. "மருந்தை நிறுத்தியதும் பேய் பிடித்துவிட்டது" என்று சொல்லப்படும் கதைகள் சிலவற்றில் இந்தப் பேய்தான் இருக்கும் என்பது என் எண்ணம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். பெருநாள் விடுமுறை வந்தால் இன்னும் முன்பாக.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இந்த மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. இனிப்புநீர் நோயால் சிறுநீரகம் பழுதானவருக்குக் குறைந்த அளவு கூட மூளையில் தேங்கி, நினைவு தப்ப வைக்கும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மற்றது, சம்சுவோ பீரோ இந்த மாத்திரையோடு சேரவே கூடாது. இரண்டும் மூளையை அடக்குபவை. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் மூச்சே அடங்கிப் போகலாம்.

மூளையைத் தொடாத வழி உண்டா?

உண்டு, கிட்டத்தட்ட. அமெரிக்காவின் சிக்காகோவில் பென், குரோயின் என்ற இருவர் 1984-ல் ஒரு வழியை வெளியிட்டார்கள். உள்ளங்கையளவு வட்டமான பம்பு ஒன்றை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரிலேயே பாக்லோஃபென்னைச் சொட்டுச் சொட்டாக விடுவது. வாயால் சாப்பிடும் அளவில் நூற்றில் ஒரு பங்கு போதும். இடுப்புப் பக்கத்து நீரில் நான்கு பங்கு மருந்து இருந்தால், மூளையடியில் ஒரு பங்குதான் இருக்கும். கால் அடங்கும், தலை தெளிவாக இருக்கும். ஆனால் அறுவை வேண்டும், செலவு அதிகம், சில மாதத்துக்கு ஒருமுறை ஊசியால் மருந்து நிரப்ப வேண்டும். பம்பு நின்றுபோனால் முன்பு சொன்ன ஆபத்து இன்னும் வேகமாக வரும். எல்லோருக்கும் ஏற்றதன்று.

விறைப்பு ஓரிரு தசைகளில் மட்டும் இருந்தால் போட்டுலினம் ஊசி போடுவார்கள். மூன்று நான்கு மாதம் அந்தத் தசை தளர்ந்திருக்கும். இதில் ஒரு வியப்பு. ஊசி காலிலோ கையிலோதான் போடப்படுகிறது. மருந்து மூளைக்குப் போவதற்காகக் கொடுப்பதன்று. ஆனாலும் மூளையின் இயக்கம் மாறுகிறது! செக் நாட்டின் ஒலோமௌட்ஸ் நகரத்தில், பக்கவாதத்தால் கை விறைத்தவர்களுக்கு இந்த ஊசி போட்டு, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். முன்பு பரவலாக எழுந்த இயக்கம், ஊசிக்குப் பின் ஒடுங்கித் தெரிந்தது. பார்த்தது சிலரைத்தான், நோயும் பக்கவாதம். தண்டுவடம் முழுதும் அறுந்தவரிடம் செய்தி மேலே போக வழியில்லை என்பதால் இதை அப்படியே பொருத்த முடியாது. பாதி அறுந்து பாதி மிச்சமுள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் வகையில் யோசிக்க வேண்டிய செய்தி இது. விறைத்த தசை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் மூளை கேட்கும் சத்தமும் மாறியது.

தினமும் காலை மெல்ல நீட்டி மடக்கிவிடுவதைப் பிசியோதெரபி செய்பவர் கற்றுக்கொடுப்பார். கொஞ்ச நேரத்துக்குத் தளர்ச்சி கிடைக்கும். தூக்கம் வராது, புத்தி மந்தமாகாது. ஆனால் சூடான எண்ணெய், சுடுநீர்ப் பை வேண்டவே வேண்டாம். உணர்ச்சியில்லாத கால், வெந்தாலும் சொல்லாது.

உதறல் திடீரென்று கூடினால்

உதறல் முழுவதும் கெடுதல் என்று நினைக்காதீர்கள். விறைப்பை ஊன்றுகோலாக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். மருந்தால் அதையும் எடுத்துவிட்டால் அவர்களுக்குச் சிரமம். எந்த உதறல் தொல்லை, எது உதவி என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியவர் நோயாளியே.

அடங்கியிருந்த கால் ஒரு நாள் அதிகமாக உதறினால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். வலி தெரியாத உடம்பு பேசும் பாஷை அது. சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கலாம். சிறுநீர் நாற்றமடித்துக் கலங்கியிருக்கலாம். மலம் கட்டியிருக்கலாம். முதுகின் கீழ்ப்பக்கத்தில் படுக்கைப்புண் தொடங்கியிருக்கலாம். கால் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தாலும் போதும்.

காயம் நெஞ்சுக்குழி மட்டத்துக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று. தலை வெடிப்பது போல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று பொருள். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், குழாயைச் சரிபாருங்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். தாமதித்தால் மூளையில் இரத்தம் கசியக்கூடும்.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டவர்கள் சொக்சோவில் மனுப் போட மறக்க வேண்டாம். 2014-ல் திறக்கப்பட்ட சொக்சோவின் புனர்வாழ்வு மையம் மலாக்காவில் இருக்கிறது. அங்கே அனுப்ப வழியுண்டா என்று உங்கள் வட்டாரச் சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் நேரம் சில நிமிடம்தான். அதற்காகப் பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். மாத்திரை கொடுத்த மணி, உதறல் வந்த மணி, தூங்கிய நேரம், சிறுநீர் மலம் போன விவரம். இரண்டு வாரம் எழுதி, அடுத்த முறை போகும்போது, மீதமுள்ள மாத்திரைகளோடு அதையும் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.